தோளில் வந்த சோறு: ஜோர்ஜ்டவுனில் நல்ல உணவைத் தேடுவோர்க்கு



பள்ளி விடுமுறை நெருங்கும்போதெல்லாம் என்னிடம் வந்து சேரும் கேள்விகளுள் ஒன்று தவறாமல் இடம்பெறும். “ஐயா, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பினாங்குக்குப் போகிறோம். எங்கே சாப்பிட்டால் நன்றாக இருக்கும்?” என்பதே அக்கேள்வி. பல ஆண்டுகள் இதற்கு இரண்டு மூன்று கடைகளின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். இப்பொழுது அவ்வாறு செய்வதில்லை. “அந்த நகரத்தின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போங்கள். நல்ல கடை தானே கண்ணில் படும்” என்று சொல்கிறேன். கேட்பவர்களில் சிலர் சிரிக்கிறார்கள். சிலர், ‘இந்த ஆசிரியருக்குச் சாப்பாட்டிலும் பாடம்தானா’ என்று நினைக்கிறார்கள். நான் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

மாணவன் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஆறாம் ஆண்டு மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்காக ஜோர்ஜ்டவுனுக்கு அழைத்துச் சென்றோம். கோர்ன்வாலிஸ் கோட்டை, பழைய பள்ளிவாசல்கள், கோயில்கள் என்று முதல் நாள் கழிந்தது. மதிய உணவுக்குச் சுற்றுலாப் பேருந்துகள் வரிசையாக நிற்கும் ஒரு பெரிய உணவகத்தை நானே தெரிவு செய்திருந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. குழம்பில் காரமும் இல்லை, மணமும் இல்லை. கட்டணச் சீட்டைப் பார்த்தபோது உடன் வந்த ஆசிரியை என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் ஒரு நாசி கண்டார் கடைக்குப் போனோம். எல்லாரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். அப்போது ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் என்ன? யார் எதைக் கண்டார்?” என்று கேட்டான். மாணவர்கள் ‘கொல்’லென்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். “அது ஒரு மலாய்ச் சொல்” என்று சொல்லி, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று கிளப்பினேன்.

உண்மையில் எனக்கு அதன் பொருள் தெரியாது. பிரான்சிஸ் லைட் எந்த ஆண்டில் வந்தார் என்று கேட்டிருந்தால் நாளும் மாதமும் சேர்த்துச் சொல்லியிருப்பேன். என் முன்னால் தட்டில் இருந்த சோற்றுக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்வி என்னோடு பேருந்தில் வீடுவரை வந்தது. அதன் பிறகுதான் இந்நகரத்தை உணவின் வழியாகப் படிக்கத் தொடங்கினேன்.

சமையலறை இல்லாதவர்களின் நகரம்

1786ஆம் ஆண்டு சூலை மாதம் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் கரையிறங்கினார். ஆகஸ்டு 11ஆம் நாள் கொடியேற்றி, தீவுக்கு ‘வேல்ஸ் இளவரசர் தீவு’ என்றும், நகருக்கு மன்னர் மூன்றாம் ஜோர்ஜின் நினைவாக ஜோர்ஜ்டவுன் என்றும் பெயரிட்டார். நகரின் முதல் வடிவம் மிகச் சிறியது. வடக்கே லைட் தெரு, கிழக்கே கடற்கரைத் தெரு, தெற்கே சூலியா தெரு, மேற்கே பிட் தெரு ஆகிய நான்கு தெருக்களுக்குள் அது அடங்கிவிட்டது. இன்று நாம் சாப்பிடத் தேடித் திரியும் இடங்களில் பல இந்தச் சதுரத்துக்குள்ளும் அதன் ஓரங்களிலும்தான் இருக்கின்றன. பிட் தெரு இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று அழைக்கப்படுகிறது.

தீர்வையில்லாத் துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டதால் வணிகர்கள் விரைந்து வந்தனர். லைட் வருவதற்கு முன்னரே எதிர்க்கரையிலிருந்த கெடாவில் வாணிகம் செய்துவந்த தமிழ் முசுலிம்களும் அவர்களுள் அடங்குவர். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த அவர்களைச் சூலியர் என்றனர். சூலியா தெருவுக்குப் பெயர் வந்தது அவ்வாறுதான். கம்பெனியின் சிப்பாய்கள், படகோட்டிகள், சலவைத் தொழிலாளர்கள் ஆகியோரும் வந்தனர். இந்தியாவிலிருந்து கைதிகளையும் கொண்டுவந்து சாலை போடவும் கட்டடம் கட்டவும் வைத்தனர். சீனத்தின் தென்பகுதியிலிருந்து ஹொக்கியன், தியோச்சியூ, கண்டோனிய மக்கள் வந்தனர். அச்சேயிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வணிகர் வந்தனர்.

பின்னர் 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தது. பேராவின் ஈயமும், அதன் பின் இரப்பரும் இத்துறைமுகத்தின் வழியாக வெளியேறின. 1880களில் கடலை மண்ணிட்டு நிரப்பி வெல்ட் துறைக்கரையை அமைக்கத் தொடங்கினர். நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம்மவரில் பலர், ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடுப்பு முகாமில் தங்கவைக்கப்பட்ட பின்னரே இம்மண்ணில் காலடி வைத்தனர். அவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களுக்குச் சென்றனர். ஒரு பகுதியினர் நகரிலேயே தங்கி மூட்டை சுமந்தனர், படகு செலுத்தினர், மாட்டுவண்டி ஓட்டினர்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவ்வாறு வந்தவர்களுள் மிகப் பலர் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியே வந்த ஆண்கள். கடைவீட்டு மாடியில் ஒரே அறையில் பலர் படுத்துறங்கினர். அவர்களுக்கு அடுப்பு வைக்க இடமில்லை. சமைக்க நேரமும் இல்லை. விடியற்காலையில் வேலைக்குப் போகிறவனுக்கு அவன் இருக்கும் இடத்துக்கே சோறு வரவேண்டும். விலை அவன் கூலிக்குள் அடங்கவேண்டும். நண்பகல்வரை பசி தாங்கவேண்டும். ஜோர்ஜ்டவுனின் தெருவோர உணவு இந்தத் தேவையிலிருந்து பிறந்தது. இதைத் தெரிந்துகொண்டால் பாதி வழி தெரிந்துவிடும். இந்நகரின் நல்ல உணவு எங்கே இருக்கிறது என்று கேட்பதற்குப் பதிலாக, இங்கே உழைத்தவன் எங்கே உழைத்தான், அவனுக்கு எந்த நேரத்தில் பசித்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கண்டார் என்றால் என்ன?

மாணவனின் கேள்விக்கு வருவோம். மலாய் மொழியில் ‘கண்டார்’ என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தடியைக் குறிக்கும். தடியின் இரு முனைகளிலும் சுமையைத் தொங்கவிட்டு, நடுப்பகுதியைத் தோளில் தாங்கி நடப்பது அம்முறை. தமிழ் முசுலிம் வணிகர் ஒரு பக்கம் சோற்றையும் மறுபக்கம் குழம்பு வகைகளையும் தொங்கவிட்டுத் துறைமுகப் பக்கம் தோளில் சுமந்து சென்று தொழிலாளர்களுக்கு விற்றனர். அந்தத் தடியால்தான் அந்தச் சோற்றுக்கு நாசி கண்டார் என்று பெயர் வந்தது.

தோளில் சுமக்கும் தடிக்குத் தமிழில் ‘கா’ என்ற பழஞ்சொல் உண்டு. தோளில் சுமப்பதைக் ‘காவுதல்’ என்பர். தைப்பூசத்தில் நாம் எடுக்கும் காவடியிலும் அந்தச் சொல்தான் இருக்கிறது. அடுத்த சுற்றுலாவில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி, “அப்படியென்றால் அது சோற்றுக் காவடியா, ஐயா?” என்றாள். அதைவிட நல்ல விளக்கத்தை என்னால் தர இயலாது.

சுமந்து விற்றவர்கள் பின்னர் மரநிழலிலும், சீனரின் காப்பிக்கடை ஓரத்திலும், இரு கட்டடங்களுக்கு இடைப்பட்ட சந்துகளிலும் நிலையாக அமர்ந்தனர். சிலர் கடை வைத்தனர். கெம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் தன் தொடக்க ஆண்டாக 1907ஐக் குறிப்பிடுகிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் அருகிலும், பினாங்கு சாலையை ஒட்டிய சந்திலும் பெயர்பெற்ற கடைகள் இன்றும் உள்ளன. 1801ஆம் ஆண்டளவில் அந்தப் பள்ளிவாசலை எழுப்பியவர், தமிழ் முசுலிம்களின் தலைவராக அமர்த்தப்பட்ட காதர் மைதீன். ‘கப்பித்தான்’ என்பது அவர் வகித்த பதவியின் பெயர். தொழுகைக்குக் கூட்டம் சேரும் இடத்தின் அருகே சோற்றுக்கடை அமைந்தது இயல்பான ஒன்று.

இக்கடைகளில் ஒரு பழக்கத்தைக் காணலாம். மீன் குழம்பு, கோழிக் குழம்பு, கணவாய், பருப்பு என்று ஒன்றன் மேல் ஒன்றாகப் பல குழம்புகளைச் சோற்றின் மீது ஊற்றுவார்கள். ‘பஞ்சீர்’ என்று கேட்டால் குழம்பு வெள்ளமாகப் பாயும். பஞ்சீர் என்பதற்கு மலாயில் வெள்ளம் என்றே பொருள். பலவகைக் குழம்பும் தட்டில் கலந்து உண்டாகும் அந்தச் சுவையே நாசி கண்டாரின் சிறப்பு. ஒரு கடையின் தரத்தை அறிய விலையுயர்ந்த பெரிய இறாலைக் கேட்க வேண்டியதில்லை. வெறும் சோறு, குழம்புக் கலவை, வெண்டைக்காய், ஓர் அவித்த முட்டை ஆகியவற்றைக் கேளுங்கள். அது நன்றாக இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கும். அன்றைய கூலித் தொழிலாளியும் அதிக விலை கொடுத்து உண்டவன் அல்லனே.

வாணலியில் கலந்த இனங்கள்

சீனத் தொழிலாளிக்கும் இதே நிலைதான். சார் குவே தியாவ் என்னும் அரிசிப் பட்டைமீ வறுவல் இன்று பினாங்கின் அடையாளமாகப் பேசப்படுகிறது. தொடக்கத்தில் அது உழைப்பாளிகளின் மலிவு உணவு. பன்றிக் கொழுப்பில் வறுத்ததால் உடலுக்குத் தெம்பு கிடைத்தது. கடலோரச் சேற்றில் எளிதாகக் கிடைத்த சிப்பியைச் சேர்த்ததால் செலவு குறைந்தது. ஆகவே, இந்து, முசுலிம் குடும்பத்தார் கேட்காமல் வாங்கிவிடக்கூடாது. பன்றிக் கொழுப்பு இல்லாமல் சமைக்கும் கடைகளும் இருக்கின்றன. விசாரித்து உண்பதில் தவறில்லை.

அசாம் லக்சா சந்தையின் உணவு. கெம்போங் மீனை வேகவைத்து உதிர்த்து, புளிப்புச் சேர்த்து, மிளகாயும் நறுமணப் பூவும் புதினாவும் இட்டு, மேலே ஒரு கரண்டி கருப்பு இறால் பசையை ஊற்றித் தருவார்கள். நம் வீட்டு மீன்குழம்பின் புளிப்பு அதில் இருக்கும். ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் இது நெடுங்காலமாகப் பெயர் பெற்றது. காலையில் மீன் வந்து இறங்கும் இடத்துக்கு அருகில் மீன்சாறு நன்றாக இருக்கும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மீ கோரெங் மாமாக்கின் கதையும் பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது. மஞ்சள் மீ சீனருடையது, அதை மிளகாய்ச் சாந்தும் தக்காளியும் உருளைக்கிழங்கும் சேர்த்துப் பிரட்டுபவர் தமிழ் முசுலிம், பெயர் மலாய். ‘மாமாக்’ என்பது நம் ‘மாமா’ என்ற உறவுச் சொல்லிலிருந்து வந்தது. வெள்ளரிக்காய், செங்குவாங் கிழங்கு, தாவு, மாவுப் பலகாரம் ஆகியவற்றை நறுக்கிக் கெட்டியான இனிப்புக் காரச் சாறு ஊற்றித் தரும் பசெம்போரும் இத்தகையதே. மற்ற மாநிலங்களில் அதை ரோஜாக் என்பார்கள். பினாங்கில் பசெம்போர் என்றால்தான் விளங்கும். மாலை வேளையில் கடற்காற்று வாங்க மக்கள் கூடிய பழைய கோட்டைத் திடலும், பின்னாளில் கெர்னி கடற்கரைச் சாலையும் இதற்குப் பேர்போன இடங்கள். பகல் முழுதும் வேலை செய்தவன் மாலையில் எங்கே காற்று வாங்கினானோ அங்கே சிற்றுண்டி பிறந்தது.

பினாங்கு சாலையில் 1890ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சௌராஸ்தா சந்தையையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ‘நாற்சந்தி’ என்று பொருள்படும் உருதுச் சொல் அது. அங்கே கண்ணாடிச் சாடிகளில் மாங்காய், நெல்லி, சாதிக்காய் ஊறல்களை அடுக்கி வைத்திருப்பார்கள். சாதிக்காயைத் தின்பண்டமாகப் பார்க்கும் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லலாம். இத்தீவை நறுமணப் பயிர்களின் தோட்டமாக்கிவிடலாம் என்று கம்பெனி கனவு கண்டு, கிழக்கே மொலுக்காத் தீவுகளிலிருந்து சாதிக்காய்க் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நோய் தாக்கித் தோட்டங்கள் அழிந்தன. அந்தக் கனவின் மிச்சம் இன்று ஒரு குவளைச் சாதிக்காய்ச் சாறாக நம் கையில் இருக்கிறது.

கடைத் தெருவும் தண்ணீர்ப் பந்தலும்

இன்று சுற்றுலாக் கையேடுகள் ‘லிட்டல் இந்தியா’ என்று குறிப்பிடும் பகுதியில் உள்ள மார்க்கெட் தெருவை நம் முன்னோர் கடைத் தெரு என்றே அழைத்தனர். கிங் தெருவின் ஒரு பகுதிக்குப் படகுக்காரத் தெரு என்று தமிழ்ப் பெயர் வழங்கியது. கப்பலிலிருந்து சரக்கைக் கரைசேர்த்த தமிழ்ப் படகோட்டிகள் அங்கே வாழ்ந்தனர். பினாங்குத் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் இருந்தன. குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு எழுந்த அருள்மிகு மகா மாரியம்மன் ஆலயம் இன்றும் இருக்கிறது. கோயிலைச் சுற்றிப் பூக்கடையும், மளிகைக்கடையும், சைவ உணவுக்கடையும் அமைவது நம் ஊர்களின் வழக்கம். ஆகவே, சைவம் உண்பவர்கள் ஜோர்ஜ்டவுனில் எங்கும் அலையவேண்டா. கோயிலை முதலில் கண்டுபிடியுங்கள். வாழையிலைச் சாப்பாடும் தோசையும் அதைச் சுற்றியே கிடைக்கும்.

இத்தனை கடைகளையும் விஞ்சிய ஓர் உணவிடம் இந்நகரில் உண்டு. அது ஆண்டுக்கு ஒருமுறைதான் திறக்கும். தைப்பூசத்தின்போது வெள்ளிரதம் பினாங்குத் தெருவிலிருந்து தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியிலும், கோயிலை நெருங்கும் சாலைகளிலும் தண்ணீர்ப் பந்தல்கள் அமைத்து, மோரும் பானகமும் சோறும் வழங்குவார்கள். யார் வேண்டுமானாலும் கை நீட்டலாம். இனம் கேட்பதில்லை, காசு கேட்பதில்லை. ரதம் வரும்போது சீனர்களும் தேங்காய் உடைப்பதைக் காணலாம். பசித்தவனுக்கு அவன் இருக்கும் இடத்தில் சோறு என்ற இந்நகரின் பழைய அறம் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது.

உழைத்தவர்கள் போன பின்

இதுவரை சொன்னதைக் கேட்டு எல்லாம் நன்றாகவே நிலைத்திருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 1941 திசம்பரில் சப்பானிய வானூர்திகள் ஜோர்ஜ்டவுன்மீது குண்டு வீசின. 1945 வரை நீடித்த ஆக்கிரமிப்பில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே உணவானது. நம் பாட்டிமார் பலர் சோற்றுப் பருக்கையைச் சிந்தவிடாமல் கண்டித்ததன் காரணம் அந்த ஆண்டுகளில் இருக்கிறது.

1969இல் தீர்வையில்லாத் துறைமுகம் என்ற தகுதி பறிபோனது. துறைமுகத்தை நம்பி வாழ்ந்த வேலைகள் குறைந்தன. 1970களில் பாயான் லெப்பாசில் தொழிற்சாலைகள் எழுந்து, உழைப்பின் இடம் மாறியது. எனினும் பழைய நகரத்தில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்ததால் எளிய மக்கள் குறைந்த வாடகையில் கடைவீடுகளில் தொடர்ந்து குடியிருந்தனர். 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அந்தப் பாதுகாப்பு முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்தது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்களும் சிறுதொழில் செய்தவர்களும் வெளியேறினர். 2008ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் ஜோர்ஜ்டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலங்கள் ஆயின. 2012 முதல் சுவரோவியங்களைப் படம்பிடிக்கக் கூட்டம் வந்தது. கூட்டம் வந்ததால் வாடகை மேலும் ஏறியது. தங்கும் விடுதிகளும் அலங்காரக் காப்பிக்கடைகளும் பெருகின.

கட்டடம் காப்பாற்றப்பட்டது, அதற்குள் வாழ்ந்தவர் குறைந்தனர். உணவு காப்பாற்றப்பட்டது, அதை முதலில் உண்டவரின் கதை மறைந்து வருகிறது. சமைக்கும் கைகளும் குறைந்துள்ளன. விடியுமுன் எழுந்து அடுப்பருகே நிற்கும் வேலையைப் பிள்ளைகள் விரும்புவதில்லை, பெற்றோரும் விரும்புவதில்லை. ஆகவேதான் பினாங்கு மாநிலம் உள்ளூர்ப் புகழ்பெற்ற உணவுகளை அங்காடிகளில் வெளிநாட்டவர் முதன்மைச் சமையலராகச் சமைக்கக்கூடாது என்று 2014இல் அறிவித்து, 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. சட்டம் போட்டுச் சுவையைக் காக்க முடியுமா என்று அப்போது பலர் வாதிட்டனர். இங்கு வந்து சேர்ந்த அயலார் சமைத்துப் பிறந்த உணவுக்கு இப்படி ஒரு விதி வந்ததை எண்ணினால் வியப்பாக இருக்கிறது. நம் முன்னோரும் ஒரு காலத்தில் வெளிநாட்டுச் சமையலரே அல்லவா?

2022 திசம்பரில் மிச்சலின் வழிகாட்டி முதன்முதலாகக் கோலாலம்பூருக்கும் பினாங்குக்கும் வந்தது. தெருவோர அங்காடிகள் சிலவும் அதில் இடம்பெற்றன. 2020இல் சிங்கப்பூரின் அங்காடிப் பண்பாடும், 2024இல் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் ஆகியவற்றை உள்ளடக்கிய மலேசியக் காலையுணவுப் பண்பாடும் யுனெஸ்கோவின் பட்டியலில் ஏறின. இவை மகிழ்ச்சிக்குரிய செய்திகளே. ஆனால், பட்டியலில் பெயர் வந்த மறுநாள் அந்தக் கடையின் முன் ஒரு மணிநேர வரிசை நிற்கிறது. பக்கத்தில் அதே உணவை அதே பக்குவத்தில் சமைக்கும் இன்னொருவர் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். வரிசையின் நீளத்தை வைத்துச் சுவையை அளக்கவேண்டா.

பெற்றோர்க்குச் சில குறிப்புகள்

மேலே கண்ட வரலாற்றிலிருந்தே நல்ல கடையைக் கண்டறியும் வழிகள் கிடைக்கின்றன.

முதலாவது, இடம். துறைக்கரை, சந்தை, வழிபாட்டுத் தலம் ஆகியவற்றிலிருந்து நடக்கும் தொலைவில் தேடுங்கள். பேருந்து நிறுத்தத்தின் எதிரிலேயே பெரிய பலகை வைத்திருக்கும் இடத்துக்கு விரைந்து செல்லாதீர்கள். நான் செய்த பிழையை நீங்களும் செய்யவேண்டா.

இரண்டாவது, வேளை. ஒவ்வோர் உணவுக்கும் அதற்குரிய நேரம் உண்டு. ரொட்டி சானாய் காலையில் நன்றாக இருக்கும், லக்சா பிற்பகலில், கிம்பர்லி தெருவின் அங்காடிகள் இரவில். நேரம் தவறிப் போய்விட்டுக் கடைக்காரரைக் குறை சொல்வது முறையன்று.

மூன்றாவது, ஒரே உணவைச் சமைப்பவர். நூறு உணவு எழுதிய பட்டியலைவிட, ஒன்றையே நாற்பது ஆண்டுகளாகச் சமைக்கும் கை மேலானது. அத்தகையவரிடம் பலகைகூட இருக்காது.

நான்காவது, உடன் உண்பவர். மேசைகளில் சீருடை அணிந்த ஊழியர்கள், சந்தைக் கூடையுடன் தாய்மார்கள், நாளிதழ் படிக்கும் முதியவர்கள் இருந்தால் தயங்காமல் உட்காருங்கள். அவர்கள் நாளையும் அங்கே வருவார்கள். ஆகவே கடைக்காரர் ஏமாற்றமாட்டார்.

ஐந்தாவது, விலையும் உணவு நெறியும். மீன், இறால் போன்றவற்றை வாங்குமுன் விலையைக் கேட்டுவிடுங்கள். சைவக் குடும்பத்தார், காய்கறியாகத் தோன்றும் உணவிலும் இறால் பசை இருக்கலாம் என்பதை மறக்கவேண்டா. பணிவாகக் கேட்டால் பினாங்கு அங்காடிக்காரர்கள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

ஆறாவது, ஒரு கேள்வி. கூட்டம் குறைவாக இருக்கும் நேரத்தில் பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள்: “இந்தக் கடையைத் தொடங்கியவர் யார், மாமா? எந்த ஊரிலிருந்து வந்தார்?” கடையநல்லூர், இராமநாதபுரம் என்று தொடங்கும் அந்தப் பதில் எந்தப் பாடநூலிலும் கிடைக்காது.

தடியும் இரண்டு வாளிகளும்

முதல் சுற்றுலாவுக்குப் பின் வேறொரு மாணவர் குழுவை அழைத்துச் சென்றேன். புறப்படுவதற்கு முந்திய நாள் பள்ளித் திடலில் ஒரு மூங்கில் தடியையும் நீர் நிரப்பிய இரண்டு வாளிகளையும் வைத்து, ஒவ்வொருவரும் அதைத் தோளில் சுமந்து திடலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்கவேண்டும் என்றேன். முதலில் சிரிப்பும் கூச்சலுமாக இருந்தது. பாதித் தொலைவில் தண்ணீர் தளும்பியது, தோள் வலித்தது, சிரிப்பு அடங்கியது. “இதில் சுடு சோறும் குழம்பும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் துறைமுகம் வரைக்கும் நடக்கவேண்டும். சிந்தினால் அன்றைய வருமானம் போய்விடும்” என்றேன். யாரும் பேசவில்லை.

மறுநாள் ஜோர்ஜ்டவுனில் சோற்றை வீணாக்கியவர் ஒருவரும் இலர்.

அந்த வாரமே ஒரு மாணவனின் தந்தை எனக்கு அழைத்தார். அவர் அவ்வளவாகப் பேசாதவர். “ஐயா, என் பையன் வீட்டுக்கு வந்து, நம் தாத்தா என்ன வேலை செய்தார் என்று கேட்டான். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார் என்று நான் இதுவரை அவனிடம் சொன்னதே இல்லை. சொல்லக் கூச்சமாக இருந்தது. நேற்றுச் சொன்னேன். அவன் தன் தோளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்” என்றார். பின்னர், “நன்றி, ஐயா” என்று சொல்லி வைத்துவிட்டார்.

நம் குடும்பங்களில் இத்தகைய கூச்சம் நிறைய உண்டு. மூட்டை தூக்கியவர், படகு தள்ளியவர், சோறு சுமந்தவர் ஆகியோரின் பெயர்களை நாமே மறைத்துவிட்டோம். ஆளுநர் வெல்டுக்குத் துறைக்கரை இருக்கிறது. கெம்பலுக்கும் கிம்பர்லிக்கும் தெருக்கள் இருக்கின்றன. சோறு சுமந்தவர்களுக்கு ஒரு தட்டுச் சோற்றின் பெயர் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அந்தப் பெயரின் பொருளையாவது நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

எனவே, இந்த விடுமுறைக்குப் பினாங்கு செல்வோரே, நன்றாகச் சாப்பிடுங்கள். குழம்பு கலந்த சோற்றின் முதல் கவளத்தை எடுக்குமுன், கண்டார் என்றால் என்னவென்று பிள்ளைகளைக் கேளுங்கள். நான் அன்று சொல்லத் தெரியாமல் விழித்ததுபோல் நீங்கள் விழிக்கவேண்டிய தேவையில்லை. உங்கள் தாத்தா, பாட்டி துறைமுகத்திலோ சந்தையிலோ சோற்றுக்கடையிலோ உழைத்த கதை இருந்தால் அதையும் அந்த மேசையிலேயே சொல்லிவிடுங்கள். அதைவிட நல்ல இடம் வேறு கிடைக்காது.